தபாஸ் சாப்பிட எந்த ஊர்: கிரனாடாவா, சான் செபாஸ்டியனா, செவில்யாவா?

தபாஸ், அதாவது மதுவோடு கொறிக்கச் சிறு தட்டில் வரும் தீனி, ஸ்பெயின் முழுவதும் ஒரே ஏற்பாடு என்று நம்பிப் போகிறவர்கள் முதல் மாலையிலேயே குழம்பிவிடுவார்கள். தட்டில் என்ன வரும் என்பதை யார் தீர்மானிக்கிறார் என்பதே ஊருக்கு ஊர் மாறும்.

கிரனாடாவில் அது கடைக்காரர் பாடு. சிறிய பீர் ஒன்று கேட்டால் கூடவே ஒரு தட்டு வரும், அதற்குத் தனிக்காசு கிடையாது. அடுத்த கோப்பைக்குப் பெரும்பாலும் வேறு தட்டு. மாணவர்கள் மொய்க்கும் ஊருக்குப் பொருத்தமான வழக்கம்தான். ஆனால், இலவசமாக வருவதைக் குறை சொல்ல முடியாது. இறைச்சி வேண்டாம் என்றால் மீன் வந்து நிற்கும். கத்தரிக்காயை வறுத்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள், அதை மட்டும் காசு கொடுத்தாவது வாங்குங்கள்.

சுவைக்கு என் ஓட்டு சான் செபாஸ்டியனுக்கு. அந்தப் பகுதியில் வாழும் பாஸ்க் மக்கள் இதைப் பின்ச்சோ என்பார்கள். பழைய நகரின் சந்துகளில் கடைக்குக் கடை மேடை நிறைய ரொட்டித் துண்டுகள் அடுக்கியிருக்கும். ஆலிவ், உப்பில் பதப்படுத்திய நெத்திலி, காடியில் ஊறிய பச்சை மிளகாய் மூன்றையும் ஒரே குச்சியில் கோத்த 'கில்டா'வில் தொடங்கலாம். புதிதாக வருபவர்கள் கண்ணில் படுவதையெல்லாம் எடுத்துத் தட்டை நிரப்பிக்கொள்கிறார்கள். அது வீண். உண்மையான சமையல் சுவரில் தொங்கும் கரும்பலகையில் இருக்கிறது. ஒயினில் வெந்த மாட்டுக் கன்னம், வதக்கிய காளான் எல்லாம் கேட்ட பிறகே அடுப்பிலிருந்து சுடச்சுட வரும். ஒரு கடையில் ஒன்றிரண்டு, நின்றபடியே சாப்பிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காசு என்பதால் பர்ஸ் சத்தமில்லாமல் இளைக்கும்.

சைவர்களுக்கும் நிதானமாகத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் செவில்யா. ஒரே பண்டத்தைத் தபா, அரைத் தட்டு, முழுத் தட்டு என்று அளவு சொல்லி வாங்கலாம். 1670 முதல் நடக்கும் எல் ரின்கொன்சில்யோ என்ற மதுக்கடையில் கணக்கை மர மேடையிலேயே சாக்பீஸால் எழுதுகிறார்கள். அங்கே கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சமைத்தது பிரசித்தம். தக்காளியும் ரொட்டியும் அரைத்த குளிர்ந்த சால்மொரேஹோவும் நன்றாக இருக்கும். மேலே பன்றித்தொடைத் துணுக்குகளைத் தூவிவிடுவார்கள், முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மூன்று ஊரிலும் மாலை ஆறு மணிக்கே பசியோடு போய் நிற்காதீர்கள். பல சமையலறைகளில் எட்டு மணிக்கு மேல்தான் அடுப்பு எரியும்.