8,400 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போச்சு! பழைய மென்பொருள் வைத்திருப்பவர்கள் உஷார்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னுக்குப்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய மென்பொருளைப் புதுக் கணினிக்கு மாற்றித் தருகிறேன் என்று ஏமாற்றும் ஆட்களை எப்படிக் கண்டுபிடிப்பது, பணத்தை எப்படிக் கேட்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கோலாலம்பூரில் எங்களுடையது சின்ன ஆலோசனை நிறுவனம். வீடமைப்புத் திட்டங்களுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வடிவமைத்துக் கொடுக்கிறோம். எங்கள் முதலாளி 1994-இல் எழுதிய மென்பொருளில்தான் இன்னும் கணக்குப் போடுகிறோம். உள்ளே ஓடுவது 1987-இல் வந்த ஏஎஸ்எம்1, அதாவது நுண்ணுயிர்கள் கழிவுநீரைச் சுத்தம் செய்வதைக் கணக்கிடும் மாதிரி: 13 கூறுகள், 8 வினைகள். கணக்கு ஃபோர்ட்ரானில், முகப்பு 16-பிட் விஷுவல் பேசிக்கில். புதுசு வாங்கலாமே என்பீர்கள். நம்ம ஊர்க் கழிவுநீர் 28, 30 டிகிரியில் வரும். புத்தகத்து எண்கள் 20 டிகிரிக்கானவை. நம் சூட்டுக்கு ஏற்ற மாதிரி முதலாளி சமன்பாட்டிலேயே கை வைத்திருக்கிறார், அதைக் கடையில் வாங்க முடியாது. 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல் ஓடாது என்பதால் எல்லாம் ஒரு பழைய எக்ஸ்பி கணினியில் கிடக்கிறது. அதன் ஹார்ட் டிஸ்க் கரகரக்க ஆரம்பித்தது.

அதனால் இதைப் புது விண்டோஸுக்கு மாற்றித் தர, ஃப்ரீலான்ஸ் வேலை பிடித்துத் தரும் ஒரு தளத்தில் ஆள் தேடினேன். பெயர் வேண்டாம், வழக்கு அது இது என்று வரும். ஒரு தமிழர் வந்தார். வீடியோவில் பேசினோம். "எஸ்என்எச், அதான் அம்மோனியா, எடுத்தவுடனே சரியா வந்துட்டா மத்ததெல்லாம் வந்துடும் அண்ணே. ஆக்சிஜன் நிமிஷத்துல மாறும், சேறு நாள் கணக்குல மாறும், அதுக்கு ஏத்த சால்வர் (சமன்பாட்டைத் தீர்க்கும் நிரல்) போடணும்" என்றார். இந்த ஊரில் இதைத் தெரிந்து பேசுகிறவர்கள் எத்தனை பேர்? எனக்கு மனசு நிறைந்துவிட்டது. "ஒரு மாதிரிக் கோப்பும் அதோட பழைய விடையும் அனுப்புங்க அண்ணே, ஒப்பிட்டுப் பார்த்துக்கிறேன்" என்றார். நியாயமாகத்தானே இருக்கிறது? அனுப்பினேன்.

டெமோ பிரமாதம். விண்டோஸ் 11-இல் ஓடுகிறது, வெளியேறும் நீரில் அம்மோனியா லிட்டருக்கு 1.8 மில்லிகிராம், எங்கள் பழைய விடை அப்படியே. தளத்தில் 'ஏற்கிறேன்' அழுத்தினேன். 8,400 வெள்ளி அவர் கைக்குப் போனது.

பிறகு உண்மையான திட்டம் ஒன்றைப் போட்டேன். 1.8. வரும் நீரின் அளவை இரட்டிப்பாக்கினேன். 1.8. சந்தேகம் வந்து காற்றோட்டத்தைச் சுழியாக்கினேன். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்கவே நுண்ணுயிர்களுக்கு நாலரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். காற்றே இல்லாத தொட்டியிலும் 1.8! உள்ளே கணக்கே கிடையாது. நான் அனுப்பிய விடையைத் திரையில் ஒட்டி வைத்திருக்கிறான். (மரியாதை போதும்.) குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே ஆற்றில் விடுகிற நிலையத்துக்கு 2009 கழிவுநீர் விதிப்படி அம்மோனியா வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம். இந்த 1.8-ஐ நம்பி அறிக்கை கொடுத்திருந்தால்?

கேட்டால், "செக் பண்றேன் அண்ணே." அப்புறம், "டெவலப்பர் பாலிக் கம்போங் (சொந்த ஊருக்கு) போயிட்டாரு." அப்போ நீ யார்டா? அப்புறம் நீல டிக் கூட வருவதில்லை. தளத்திடம் வரைபடங்களோடு புகார் கொடுத்தேன். முதலில் ரோபோ பேசியது. பிறகு ஒரு பெண்மணி: "ஐயா, நீங்களே ஏற்றுக்கொண்டீர்கள். தரத்தில் நாங்கள் தலையிடுவதில்லை." 8,400 வெள்ளி ஐயா, 'தரம்' இல்லை!

பயனீட்டாளர் தீர்ப்பாயம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்கியதைத்தான் பார்க்கும், தொழிலுக்கு வாங்கியதை எடுக்காது. மாஜிஸ்திரேட் நீதிமன்றச் சிறு கோரிக்கைக்கு உச்சவரம்பு 5,000 வெள்ளி, அதுவும் தனிநபருக்குத்தான். 8,400-க்கு வக்கீல் வைத்தால் வக்கீலுக்கே சரியாகப் போகும்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. விடைக் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். டெமோவில் காற்றை நிறுத்தச் சொல்லுங்கள், அம்மோனியா ஏறுகிறதா பாருங்கள். மூல நிரலை வாங்கி, வேறொரு கணினியில் நீங்களே கம்பைல் செய்து பார்க்கும்வரை 'ஏற்கிறேன்' அழுத்தாதீர்கள். பணம் இப்போதுதான் போனது என்றால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அடியுங்கள். "எஸ்என்எச்" என்று ஆரம்பித்து "அண்ணே" என்று இழுத்துப் பேசுகிற ஆள் உங்களிடமும் வந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்திருக்கிறேன்.