உள்நாட்டு ஊழியமா, வெளிநாட்டு ஊழியமா?

மிஷனரி அழைப்பை உணர்ந்தும், எங்கே செல்வதென்று தயங்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செலவு: உள்நாட்டு ஊழியரைச் சிறிய சபையும் தாங்கும்; சமைக்கும்போது பெண்கள் எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசியால் மிசோரம் சபைகள் ஊழியத்தைத் தாங்கிவருவது என்னை நெகிழவைக்கிறது. வெளிநாட்டிலோ விசா, பயணம், மருத்துவம் எனச் செலவு பெருகும்.

மொழி: இரண்டிலும் உழைத்தே கற்கவேண்டும். 1903இல் திருநெல்வேலித் திருச்சபையினர் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தின் ஊழியராக 1909இல் இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கல் சென்ற தமிழரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவுக்கு, தாய்நாட்டிலேயே தெலுங்கு தேவைப்பட்டது.

சட்டம்: ஒடிசாவில் 1967 முதலே மதமாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. நேபாளத்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி, மதமாற்றத்துக்காகத் தண்டனை பெறும் வெளிநாட்டவர் நாடுகடத்தப்படவும் கூடும்.

முதியபெற்றோரைப் பராமரிப்பவருக்கும், ஓரிடத்தில் நெடுங்காலம் தங்க விரும்புபவருக்கும் உள்நாடே ஏற்றது. மருத்துவம், ஆசிரியப்பணி போன்ற தகுதியும் உறுதியாகத் தாங்கும் சபையும் உள்ளவர் வெளிநாடு செல்லலாம்.