மீன்பிடி ரெயின்சூட் வாங்கப்போகிறீர்களா? ‘10,000 மி.மீ.’ என்ற டேக்கை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

மழைக்காலம் நெருங்கினால் போதும், இன்ஸ்டாகிராமில் மீன்பிடி ரெயின்சூட் விளம்பரங்கள் வரிசை கட்டி வந்துவிடும். அப்படி ஒரு பக்கத்தில் 4,800 ரூபாய்க்கு ஜாக்கெட்டும் பேன்ட்டுமாக ஒரு செட் வாங்கினேன். முழுக்க ஏமாற்றுச் சரக்கு. பருவமழை தொடங்குமுன் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். இந்த மாதத்தில்தான் எல்லாரும் வாங்குவார்கள்.

பழவேற்காட்டுப் பக்கம் தூண்டில் போடுகிறவர்களுக்குத் தெரியும், கொடுவா மீனுக்கு ஐப்பசி கார்த்திகை நல்ல காலம். முகத்துவாரம் திறந்து ஏரித் தண்ணீர் கடலுக்குப் பாயும். மழையும் விடாது. பைக்கில் ஆபீஸ் போக வைத்திருக்கும் ரெயின்கோட் அரை மணி நேரத்துக்குத்தான் தாங்கும். ஃபைபர் படகில் நனைந்த பலகைமேல் மணிக்கணக்கில் உட்கார்ந்து, கையை மேலே தூக்கித் தூக்கி லூர் (மீன்போல் செய்த செயற்கை இரை) வீசுவது வேறு கதை. அதற்கென்றே தயாரித்தது என்றுதான் அந்த விளம்பரமும் சொன்னது: ‘10,000 மி.மீ. வாட்டர்ப்ரூஃப், எல்லாத் தையலிலும் டேப்’. வீடியோவில் ஜாக்கெட்மேல் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது.

அந்த முத்துக்கு மயங்காதீர்கள். துணியின் வெளிப்பக்கத்தில் தண்ணீரை ஒட்டவிடாத ஒரு பூச்சு அடிப்பார்கள், அது செய்கிற வேலை அது. புதுசாக இருக்கும்போது எல்லாத் துணியிலும் அழகாக உருளும், துவைக்கத் துவைக்கப் போய்விடும். தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது உள்பக்கம் இருக்கும் கோட்டிங்கும் தையலை மூடும் டேப்பும்தான்.

பார்சல் வந்தது. கறுப்பு நிறம், பார்க்க மிடுக்கு. டேக்கில் 10,000 என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். ஆனால் தயாரித்தவர் பெயர் இல்லை, இறக்குமதியாளர் முகவரி இல்லை, எம்.ஆர்.பி. இல்லை, எந்த நாட்டுச் சரக்கு என்றும் இல்லை. பாக்கெட்டில் விற்கும் பொருளில் இவை இருந்தாக வேண்டும் என்பது சட்டம். உள்ளே வலைத்துணி லைனிங். தொப்பியிலும் தோளிலும் மட்டும் விரல் அகலத்துக்கு டேப் ஒட்டியிருந்தது. விலாவில் லைனிங்கை நகத்தால் நெம்பிப் பார்த்தால் அங்கே வெறும் நூல்தான் ஓடுகிறது. ஊசி போன துளைகள் வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. பேன்ட்டில் கவட்டுத் தையலிலேயே டேப் கிடையாது. லைனிங் போட்டதே இதை மறைக்கத்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

படகில் அது எப்படி இருந்தது என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்த இடம் ஈரம், அப்புறம் தொடை. கை தூக்கி வீசும்போதெல்லாம் மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் முழங்கைவரை இறங்கியது. மணிக்கட்டில் வெறும் வெல்க்ரோ பட்டை, உள்ளே இறுக்கமான கஃப் இல்லை. முன் ஜிப்புக்கு மேல் மூடுகிற மடிப்பு இல்லாததால் அலைச்சாரல் நேராக மார்பில். பாக்கெட்டுக்கு வடிகால் துளை வைக்கவில்லை, அதில் இருந்த ஃபோன் நல்லவேளை ஜிப் கவரில் இருந்தது. ஜிப்பின் இழுப்பான் உலோகம். உப்புக்காற்றில் துருப்பிடித்து அந்த மாதமே இறுகிக்கொண்டது.

இப்போது அந்த 10,000 மி.மீ. கணக்குக்கு வருகிறேன். துணிமேல் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் எவ்வளவு அழுத்தமோ, அதுவரை ஒழுகாது என்பது அதன் அர்த்தம். ஐ.எஸ்.ஓ. 811 என்ற சோதனை இதற்கென்றே இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைத்துளிக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஆனால் 70, 75 கிலோ ஆள் ஈரப்பலகையில் உட்கார்ந்தால் சுமார் 1,000 மி.மீ. அழுத்தம் வரும். மீனை எடுக்க ஒரு முழங்காலை ஊன்றினால் 5,000, 6,000 தாண்டும். அதனால் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டுதான். ஆனால் அது துணியின் எண். தையலில் ஊசித்துளை திறந்து கிடந்தால் துணி 20,000 தாங்கி என்ன பயன்?

விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் புகார் செய்தேன். பதில் வாய்ஸ் நோட்டில் வந்தது: “சார், அது மழைத்தண்ணி இல்ல, உங்க வியர்வை.”

இந்தப் பதில் உங்களுக்கும் வரும், அதனால் தயாராக இருங்கள். அதில் பாதி உண்மை இருப்பதால்தான் தைரியமாகச் சொல்கிறார்கள். ‘மூச்சுவிடும்’ துணி என்று விற்பதெல்லாம், உள்ளே இருக்கும் ஆவி வெளிக்காற்றுக்குப் போவதை நம்பி இருக்கிறது. நம் கடற்கரையில் மழை நாளில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது ஆவி எங்கே போகும்? யாராக இருந்தாலும் வியர்த்து நசநசக்கும். ஆனால் வியர்வை முதுகிலும் அக்குளிலும் பரவும். தையல் கோட்டிலேயே ஈரம் பிடித்தால் அது ஒழுகல்.

நிரூபிக்க வழி சுலபம். பேன்ட்டை உள்வெளியாகத் திருப்பாமல் அப்படியே, ஒரு காலின் நுனியை இறுக்கக் கட்டி, உள்ளே இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் குளியலறைக் கொக்கியில் மாட்டுங்கள். வெளியே செய்தித்தாளைச் சுற்றிவிடுங்கள். எனக்குக் காபி ஆறுவதற்குள் உள்காலின் தையல் நெடுக ஈரக்கோடு வந்து, கீழே சொட்டவும் ஆரம்பித்தது. துணிப்பரப்பு காய்ந்தே இருந்தது. இதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பினேன்.

அப்புறம் பேச்சு மாறியது. முதலில் ‘உபயோகித்த பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது’. அடுத்து, ‘650 ரூபாய்க்கு எங்களிடம் வாட்டர்ப்ரூஃப் ஸ்ப்ரே இருக்கிறது, அடித்துக்கொள்ளுங்கள்’. ஓட்டைக் குடத்தை விற்றவன் அரக்கையும் விலைக்கு விற்கிறான்! நான் மறுத்ததும் பிளாக். சில நாளில் பக்கமே வேறு பெயருக்கு மாறிவிட்டது, அதே குழாய் வீடியோவோடு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டில் ‘எல்லாத் தையலிலும் டேப்’ என்று இருந்ததுதான் பெரிய உதவி. அதோடு யு.பி.ஐ. ரசீது, டேக்கின் படம், குளியலறை வீடியோ. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. கடைசியில் பணம் திரும்பி வந்தது, கூரியர் செலவு என் தலையில். உதவி எண்ணில் நடப்பது சமரசம்தான், தீர்ப்பு கிடையாது. அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. எனவே விளம்பரத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு அது இருக்காது.

சரி, எதை வாங்குவது? எங்கள் படகுக்கார அண்ணன் போடுவது தடித்த மஞ்சள் பி.வி.சி. கோட்டும், மார்புவரை வந்து தோளில் பட்டை மாட்டும் பேன்ட்டும். என் சூட்டின் கதையைக் கேட்டுவிட்டுத் தன் கோட்டைத் திருப்பிக் காட்டினார்: “உள்ள தையல் இருக்கா பாரு தம்பி.” இல்லை. வெப்பத்தில் உருக்கி ஒட்டிய பட்டை. ஊசியே படாத இடத்தில் ஒழுக வழி ஏது? “வெயில் அடிச்சா அவிஞ்சிடும், அதையும் சொல்லிடறேன்” என்றார். உண்மைதான், மழை நின்றதும் கழற்றித்தான் ஆக வேண்டும். எனக்கு அது பரவாயில்லை. கரையில் நடந்து நடந்து பிடிப்பவர்களுக்கு மட்டும் நைலான் சரக்கு வசதி. அதை எடுத்தால் கடையில் நேரில் திருப்பிப் பார்த்து எடுங்கள். கவட்டிலும் அக்குளிலும் டேப் ஓடுகிறதா, ஜிப் பிளாஸ்டிக்கா, கஃப் இரட்டையா. லைனிங்கை விலக்கிப் பார்க்கவிடாத கடையில் வாங்காதீர்கள்.

கறுப்பும் கேமஃப்ளாஜும் வேண்டாம். மழை மூட்டத்தில் தண்ணீரில் விழுந்த ஆள் தெரிய வேண்டும். ஆரஞ்சோ மஞ்சளோ எடுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கோட்டுக்கு மேலேதான் போட வேண்டும். போர்வைபோல் தொங்கும் போன்ச்சோ படகுக்கு ஆகவே ஆகாது, காற்றில் முகத்தில் அடிக்கும், எஞ்சின் பக்கம் சிக்கும். இடி கேட்டால் தூண்டில் ராடைக் கீழே போட்டுவிட்டுக் கரைக்கு வாருங்கள், கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும்.

வீட்டுக்கு வந்ததும் உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டி பைக் பெட்டிக்குள் போட்டால், நல்ல சரக்கானாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் துணியின் உள்பக்கம் இருக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) கோட்டிங் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரிந்துவிடும். அதற்கு எந்தக் கடையிலும் வாரண்டி தர மாட்டார்கள்.