டீசல் வெளியே ஒழுகுதா, காற்று உள்ளே போகுதா? பழைய லாரிக்கு எந்தச் சோதனை சரி

துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வரிசையில், காசிமேட்டுப் பக்கம், விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி நின்றுபோனால் என்ன பாடு என்று வடசென்னையில் லாரி வைத்திருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் பழைய வண்டி ஒரே வாரத்தில் மூன்று முறை அப்படி நின்றது. கை பம்பு அடித்து, பைப்பில் புகுந்த ஏரை வெளியே எடுத்தால் ஓடும், மறுநாள் காலையில் மறுபடியும் நிற்கும். கீழே படுத்துப் பார்த்தால் ஒரு சொட்டு டீசல் கிடையாது. ஒரு பட்டறையில் "பம்பை இறக்கி ஓவர்ஹால் பண்ணணும்" என்றார்கள். பண்ணினேன். அடுத்த வாரமே நின்றது. டேங்கிலிருந்து வரும் ஓஸ், கிளிப்புக்கு அடியில் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது, அவ்வளவுதான். ஓவர்ஹால் பணமும் ஐந்து நாள் வாடகையும் போனது இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பைப்பில் டீசலை அழுத்தி அனுப்பும் பெரிய பம்பு, அதாவது இன்லைன் பம்பு போட்ட பழைய வண்டிகளைப் பற்றித்தான் பேசுகிறேன். எல்லா சிலிண்டருக்கும் ஒரே குழாயில் அழுத்தத்தோடு டீசலைத் தேக்கிக் கொடுக்கும் காமன் ரயில் வண்டிக்கு இதில் பாதி பொருந்தாது. அதன் பைப்பில் ஆயிரம் பாருக்கு மேல்கூட அழுத்தம் ஏறும், ஓடும்போது ஸ்பேனர் வைக்கவே கூடாது.

டேங்கிலிருந்து, டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்ன ஃபீட் பம்பு வரை உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் என்ஜின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஃபீட் பம்புக்கு அப்புறம் ஃபில்டர் வழியாக ஒன்றிரண்டு பார் அழுத்தம், பெரிய பம்பைத் தாண்டி, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் வரை 200 பாருக்கு மேல். இந்த இரண்டு இடத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வரும். எந்தப் பக்கம் என்று தெரியாமல் சோதனையைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாருடைய பணமும் போகிறது.

வெளியே வரும் கசிவுக்கு இரண்டு வழி. ஒன்று, என்ஜினைக் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்துக் காயவைத்து, இணைப்புகள் மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி ஓடவிடுவது. ஐந்து நிமிடத்தில் வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு விழும். கோட்டின் மேல்முனைதான் ஓட்டை. கீழ்முனையைப் பார்த்து நட்டை முறுக்காதீர்கள், டீசல் பைப் மேலேயே ஓடிப்போய் வேறெங்கோதான் சொட்டும். இன்னொன்று, டேங்கில் சாயம் ஊற்றி புற ஊதா விளக்கில் பார்ப்பது. வேலை செய்யும், ஆனால் ஏற்கெனவே எண்ணெயும் தூசியும் படிந்த பழைய என்ஜினில் பவுடர் காட்டாத எதையும் அது எனக்குக் காட்டவில்லை. காற்று இழுக்கும் இடத்தையும் காட்டாது. பவுடருக்கே என் ஓட்டு.

நாசில் பைப்பை மட்டும் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அட்டைத் துண்டை நீட்டுங்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள்ளேயே இறங்கிவிடும். எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும், உள்ளே சதை அழுகத் தொடங்கும். பட்டுவிட்டால் வலி வரட்டும் என்று காத்திராமல் நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் ஏறியது என்று சொல்லுங்கள்.

காற்று இழுப்பதற்கு மூன்று வழி உண்டு. முதலாவது, ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற டியூப் ஒரு அடி போட்டு குமிழ் பார்ப்பது. மலிவு. ஸ்டார்ட் பண்ணியதும் நாலைந்து குமிழ் வந்து நின்றால் கவலையில்லை, விடாமல் ஓடினால் காற்று இழுக்கிறது. ஆனால் டியூபுக்கு நாம் போடும் இரண்டு கிளிப்பே காற்று இழுக்கலாம். நான் ஒரு நாள் முழுக்க அதில் ஏமாந்தேன்.

இரண்டாவது கேன். ஐந்து லிட்டர் கேனில் டீசல் நிரப்பி, புது ஓஸை நேராக ஃபீட் பம்பு வாய்க்குக் கொடுங்கள். மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பைப்பையும் கேனுக்கே திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் டீசலெல்லாம் டேங்குக்குப் போய் கேன் சீக்கிரம் காலியாகும். கேனில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் குற்றம் டேங்க் பக்கம். அப்போதும் நின்றால் ஃபீட் பம்பிலிருந்து தேடுங்கள். கேனை உயரத்தில் கட்டாதீர்கள். மேலிருந்து டீசல் தானாக இறங்கினால் உறிஞ்சும் வேலையே இல்லாமல் போய், ஃபீட் பம்பு வாயில் உள்ள ஓட்டை மறைந்துவிடும். டேங்க் மட்டத்திலேயே, சைலன்சர் சூடு படாத இடத்தில் வையுங்கள். பட்டறையில் இதை முதல் நாளே செய்திருந்தால் என் பம்பு இறங்கியிருக்காது.

மூன்றாவது, டேங்குக்குக் காற்றழுத்தம் கொடுத்து இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுவது. ஓட்டை இருக்கும் இடத்தையே விரல் வைத்துக் காட்டுவதில் இதை மிஞ்ச எதுவுமில்லை. கேன் "டேங்க் பக்கம்" என்று மட்டும் சொல்லும், இது "இந்த வாஷர்" என்று சொல்லும். ஆபத்தும் இதில்தான். "அண்ணே, டயர் கடை காத்தை நேரா வுட்டா டேங்க் பலூனாயிடும்" என்று இப்போது என் வண்டியைப் பார்க்கும் தம்பி முதலிலேயே சொன்னான். ரெகுலேட்டர் வைத்து இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. போதும். டேங்குக்கு உள்ளே உறிஞ்சு குழாய் வெடித்திருந்தால் மட்டும் இது காட்டாது. அதற்கு வேறு அடையாளம் உண்டு: டேங்க் நிறைந்திருக்கும்போது நன்றாக ஓடி, பாதிக்கு இறங்கியதும் நிற்கும்.

ஆக என் வரிசை: முதலில் கேன், பிறகு காற்றழுத்தம், சரிசெய்தபின் உறுதிக்கு டியூப். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தும் வண்டியென்றால் கிளாம்புகளைக் கழற்றி அடியில் பாருங்கள். உப்புக்காற்றுத் துரு அங்கேதான் பைப்பைத் தின்னும்.

இந்த எந்தச் சோதனையும் பிடிக்காத கசிவு ஒன்று உண்டு. ஃபீட் பம்பு சீல் தேய்ந்தால் டீசல் பெரிய பம்பு வழியாக என்ஜின் ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்து, ஆயில் நீர்த்து டீசல் வாடை அடித்தால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள், பேரிங் போய்விடும்.