ஏ.ஆர்.டி. மையத்தின் சேவை: ஒரு பயனாளியின் மதிப்புரை

எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிலுள்ள ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சை தரும் மையத்தில், சில ஆண்டுகளாக மருந்து பெற்றுவருகிறேன். அண்மையில் தொற்று உறுதியாகி, எங்கே போவது என்று கலங்கி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மருந்து விஷயத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரையை நாள்தோறும் ஒருமுறை விழுங்கினால் போதும். 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தொடங்கிய இச்சிகிச்சைக்கு இன்றும் கட்டணம் கிடையாது. முன்பெல்லாம் சிகிச்சை தொடங்க, உடலின் நோய் எதிர்ப்புக்கு உதவும் சிடி4 அணுக்கள் குறையும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2017 முதல் தொற்று உறுதியானவர் எவருக்கும் சிகிச்சை உண்டு. பழைய டப்பாவைக் கொண்டுபோனால், மருந்தாளுநர் மீதமுள்ள மாத்திரைகளை எண்ணிப் பார்த்து, தவறிய நாள்களைப் பற்றிக் கடிந்துகொள்ளாமல் விசாரிக்கிறார்.

ஆலோசகரின் பணி அதைவிட உயர்ந்தது. வீட்டில் யாரும் சொல்லாமலேயே தனக்கெனத் தனித் தட்டும் டம்ளரும் வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளையைத் தூக்காமலே இருந்த ஓர் அம்மாவிடம், "தட்டுலயும் டம்ளர்லயும் இது ஒட்டாதும்மா, பிள்ளையத் தூக்கிக் கொஞ்சுங்க" என்று அவர் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார். ஊரார் ஒதுக்குவதற்கு முன்பே நம்மை நாமே ஒதுக்கிவைத்துக்கொள்ளும் வழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. அதை இவ்வளவு பொறுமையாகக் கரைப்பவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் இந்த உரையாடல் முழுவதும் தட்டித் தடுப்புக்கு வெளியே வரிசையில் நின்ற என் காதில் விழுந்தது என்பதுதான் இம்மையத்தின் பெருங்குறை. ஆலோசனைக்குக் கதவுள்ள ஓர் அறை கட்டாயம் வேண்டும்.

அடுத்த குறை, இரத்தத்தில் கிருமி எவ்வளவு உள்ளது என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையின் முடிவைச் சொல்லும் விதம். "ரிசல்ட் நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்து, அந்நிலையிலேயே நீடிப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாகத் தொற்று பரவாது என்பதை அதே மூச்சில் சொல்ல வேண்டாமா? கணவன் மனைவி ஒருவரையொருவர் அஞ்சி விலகியிருக்கும் வீடுகளுக்கு இந்த ஒரு செய்தி மருந்துக்கு நிகரானது.

அதே வளாகத்தின் மற்றொரு பிரிவில் என் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையால் தொற்று விவரத்தை எழுதி வைத்திருந்தார்கள். ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் முறையிட்டதும் அவரே நேரில் சென்று அட்டையை மாற்றச் செய்தார். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவரது இசைவின்றி வெளியிடுவதும், அதைக் காரணமாக்கிச் சிகிச்சை மறுப்பதும், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி தவறு. இதைச் சொல்லும் பலகை ஒன்று மையத்தில் எங்கும் இல்லை.

தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று அஞ்சி, அடுத்த மாவட்டத்திலிருந்து விடியற்காலையிலேயே பேருந்து ஏறி வருபவர்களும் இங்கு உண்டு. உடல்நிலை சீராக உள்ளவர்கள் ஊருக்கு அருகிலேயே இம்மருந்தை வழங்கும் இணைப்பு மையத்துக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். முதன்முறை செல்பவர்கள், எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் அறிக்கையையும் அடையாளச் சான்றையும் எடுத்துச் செல்லுங்கள். போகுமுன் ஐயமிருந்தால் 1097 என்ற இலவச எச்.ஐ.வி. உதவி எண்ணில் பேசுங்கள். வைரல் லோடு முடிவு வந்ததும், அதற்கு என்ன பொருள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எழுந்து வராதீர்கள்.