ஆட்டோகேடில் ஷார்ட்கட், டூல்பார் மாற்றங்கள்: பல வருடப் பயன்பாட்டில் எது நின்றது, எது நிற்கவில்லை

வீட்டு பிளான், எலிவேஷன், ஒர்க்கிங் டிராயிங் என்று நாள் முழுக்க ஆட்டோகேட் என்கிற வரைபட மென்பொருளில் உட்கார்ந்திருக்கிற வேலை எனக்கு. பல வெர்ஷன்களாக ஷார்ட்கட், டூல்பார், ரிப்பன் (திரையின் மேலே டேப் டேபாக இருக்கும் பட்டன் பட்டை) எல்லாவற்றையும் என் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றி வைத்துத்தான் வரைகிறேன். உங்களிடம் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அதைக் கட்டளைகளின் சுருக்க எழுத்துகள் இருக்கிற பிஜிபி கோப்பில் செலவிடுங்கள், டூல்பார் பக்கம் அப்புறம் வரலாம்.

ஏகேட்.பிஜிபி என்பது சாதாரண டெக்ஸ்ட் கோப்பு, நோட்பேடிலேயே திறக்கும். ரிப்பனில் மேனேஜ் டேபுக்குப் போய் எடிட் ஏலியாசஸ் அழுத்தினால் நேராக அதுவே வந்துவிடும். ஒரு வரிக்கு ஒரு கட்டளை: முதலில் சுருக்க எழுத்து (இதுதான் ஏலியாஸ்), ஒரு கமா, ஒரு நட்சத்திரக் குறி, பிறகு கட்டளையின் முழுப்பெயர், அவ்வளவுதான். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருந்தால் கீழே இருப்பதுதான் செல்லும், அதனால் மேலே ஏற்கெனவே இருக்கிற எதையும் அழிக்காதீர்கள், உங்கள் வரிகளைக் கோப்பின் கடைசியில் சேர்த்தால் போதும். சேமித்துவிட்டு ரீஇனிட் கட்டளை கொடுத்து பிஜிபி என்ற கட்டத்தில் டிக் செய்தால் புரோகிராமை மூடித் திறக்காமலேயே வேலை செய்ய ஆரம்பிக்கும்.

சரி, எதை மாற்றுவது? வலது கை மவுஸில் இருக்கிறது, இடது கைக்கு நகராமல் எட்டுகிற எழுத்துகள் கீபோர்டின் இடது பாதியில் இருக்கும் பதினைந்துதான். அவை கார்னர் மனை மாதிரி. ஆனால் அந்த இடத்தில் நாம் அதிகம் தொடாத கட்டளைகள் குடியிருக்கின்றன. ஆர் அடித்தால் திரையைப் புதுப்பிக்கிற ரீட்ரா வருகிறது, இன்றைக்கு யாருக்கு அது வேண்டும்? அதை ரொட்டேட்டுக்குக் கொடுத்தேன். டபிள்யூ அடித்தால் வரைந்ததைத் தனிக் கோப்பாகச் சேமிக்கிற டபிள்யூபிளாக், அதை ஒரு கோட்டுக்கு இணையாக இன்னொன்று போடுகிற ஆஃப்செட்டுக்கு மாற்றினேன், ஏனென்றால் ஒன்பது இஞ்ச் சுவர், நாலரை இஞ்ச் சுவர் என்று நாள் முழுக்க ஓடுவது ஆஃப்செட்தான், அதன் ஓ எழுத்தோ வலது கோடியில் இருக்கிறது. வியூவுக்கு இருந்த வி இப்போது மூவ். அளவுக் குறிகளின் அமைப்பான டிம்ஸ்டைலைத் திறக்கும் டி, நேர் அளவு போடுகிற லீனியர் டைமென்ஷனுக்குப் போனது. சி விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு, பலருக்கு அது சர்க்கிளாகவே கையில் பதிந்திருக்கும். கட்டட வரைபடத்தில் காப்பி போடுகிற அளவுக்கு யாரும் வட்டம் போடுவதில்லை என்பது என் கட்சி, அதனால் சி எனக்கு காப்பி, வட்டத்துக்கு இரண்டு சி. மெக்கானிக்கல் டிராயிங் போடுபவர்கள் இதைச் செய்ய வேண்டாம், அங்கே வட்டம்தான் வேலையே.

கீபோர்டின் இடது பாதியிலேயே கையை வைத்துக்கொள்ள இன்னொன்றும் உதவுகிறது. ஆர்க்கிடெக்சுரல் யூனிட்டில் குறி எதுவும் போடாமல் எண்ணை அடித்தால் அது இஞ்ச். பத்தடி ஆறு இஞ்சை அடிக்குறியோடு அடிக்க வலது பக்கம் என்டர் அருகே போக வேண்டும், 126 என்று அடித்து ஸ்பேஸ் தட்டினால் முடிந்தது. கொஞ்ச நாளில் பன்னிரண்டாம் வாய்ப்பாடு தானாக வந்துவிடும்.

ஏலியாஸுக்கு ஒரு வரம்பு இருக்கிறது: கட்டளையைத் தொடங்க மட்டும்தான் அதனால் முடியும், அதற்குள் இருக்கும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுக்க முடியாது. "சுவர் லேயருக்குப் போ, உடனே பாலிலைனைத் தொடங்கு" என்பதெல்லாம் வேண்டுமென்றால் கீ, பட்டன், மெனுவை மாற்றுகிற சியுஐ எடிட்டரில் மேக்ரோ (வரிசையாக ஓடும் கட்டளைத் தொடர்) எழுத வேண்டும், இல்லை ஆட்டோகேடுக்குள் ஓடும் புரோகிராமிங் மொழியான லிஸ்ப். வசதிகள் குறைந்த பதிப்பான ஆட்டோகேட் எல்டி வைத்திருப்பவர்களுக்கு லிஸ்ப் 2024 வெர்ஷனில்தான் வந்தது, அதற்கு முந்தையது என்றால் மேக்ரோதான் வழி.

சியுஐக்குள் போனதும் நான் முதலில் மாற்றச் சொல்வது எஃப்1. எஸ்கேப்புக்கு ஒட்டியே இருப்பதால் வேகத்தில் விரல் அங்கே பட்டு ஹெல்ப் திறந்துகொள்ளும். வெறும் கேன்சல் மட்டும் செய்கிற ஒரு மேக்ரோவை எஃப்1 மீது வைத்துவிட்டால் எந்த கீயில் பட்டாலும் எஸ்கேப்தான், நிம்மதி. அடுத்தது கன்ட்ரோல் க்யூ, அது ஆட்டோகேடையே மூடுகிற கட்டளை, அதை வேறு எதற்காவது கொடுத்துவிடலாம்.

ரைட் கிளிக்கையும் மறக்காதீர்கள். ஆப்ஷன்ஸில் யூசர் பிரிஃபரன்சஸ் டேபில் நேரத்தைப் பொறுத்த ரைட் கிளிக் என்று ஒன்று இருக்கிறது, சட்டென்று தட்டினால் என்டர், கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் மெனு. எல்லை 250 மில்லிசெகண்ட், நான் அதை மாற்றவே இல்லை. இத்தனை மாற்றங்களிலும் முதல் நாளிலேயே பலன் தெரிந்தது இதில்தான்.

இப்போது டூல்பார். 2009 வெர்ஷனில் ரிப்பன் வந்தது, 2015இல் பழைய டூல்பார் திரை அமைப்பான கிளாசிக் ஒர்க்ஸ்பேஸை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் டூல்பார்கள் உள்ளேயே இருக்கின்றன, மெனுபார் என்ற வேரியபிளை 1 ஆக்கி டூல்ஸ் மெனுவிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து ஒரு ஒர்க்ஸ்பேஸாகச் சேமித்துக்கொள்ளலாம். நானும் வெகுநாள் நாலு பக்கமும் பட்டன்களை அடுக்கி வைத்துத்தான் வரைந்தேன். லேப்டாப் திரையில் வரைகிற இடம்தான் குறைகிறது, பத்துப் பதினைந்துக்கு மேல் போனால் எந்தப் படம் எதற்கு என்று தேட வேண்டியிருக்கிறது, தேடுகிற நேரத்தில் கட்டளையையே அடித்துவிடலாம். இப்போது ரிப்பனைச் சுருக்கி வைத்திருக்கிறேன், மேலே குவிக் ஆக்சஸ் வரிசையில் லேயர் பட்டியலைச் சேர்த்திருக்கிறேன், லேயர் மாற்றும் மேக்ரோக்களுக்கு மட்டும் சின்னதாக ஒரு டூல்பார். கதவு, ஜன்னல், சானிட்டரி பிளாக்குகள், ஹேட்ச் எல்லாம் கன்ட்ரோல் 3 அழுத்தினால் வரும் டூல் பேலட்டில். அங்கே ஒவ்வொரு டூலுக்கும் லேயர், ஸ்கேல் எல்லாம் சேர்த்தே வைக்கலாம், டூல்பார் பட்டனுக்கு மேக்ரோ எழுதிக்கொண்டிருப்பதை விட இது எவ்வளவோ மேல்.

புது வெர்ஷன் போடும்போதுதான் பலர் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி சப்போர்ட் ஃபோல்டர், அதுவும் விண்டோஸ் யூசர் கணக்குக்குள் இருக்கிறது. அதனால் என் பிஜிபி வரிகள் மட்டும் ஒரு தனி டெக்ஸ்ட் கோப்பில், என் மேக்ரோக்களும் டூல்பாரும் மெயின் சியுஐ கோப்பில் கலக்காமல் தனியாக ஏற்றக்கூடிய பார்ஷியல் சியுஐ கோப்பில் இருக்கின்றன, அதை சியுஐலோட் கொடுத்து ஏற்றினால் பத்து நிமிடத்தில் பழைய இடம் வந்துவிடும். ஆபீசில் ஒரே மெஷினை இரண்டு பேர் பயன்படுத்தினால் ஆளுக்கொரு விண்டோஸ் லாகின் வைத்துக்கொள்ளுங்கள், அவரவர் சி அவரவருக்கு.

புதிதாக வேலைக்கு வருகிற தம்பி தங்கைகள் இதையெல்லாம் பார்த்து முதல் வாரமே மாற்ற வேண்டாம். இன்டர்வியூவில் வேறொருவர் மெஷினில் உட்கார வைத்து ஒரு பிளானைப் போடச் சொல்வார்கள், அங்கே ஒரிஜினல் ஏலியாஸ்தான் இருக்கும். லைன், ட்ரிம், எக்ஸ்டெண்ட், ஃபில்லெட், ஸ்ட்ரெட்ச், இரேஸ் இவற்றின் எழுத்துகளை நான் இன்றுவரை தொடவில்லை. மூவுக்கு எம், காப்பிக்கு சிஓ இரண்டும்கூட என் மெஷினில் அப்படியே வேலை செய்கின்றன, புது எழுத்து கூடுதலாகச் சேர்ந்ததுதான்.