பட்டம் முடிந்த பிறகு: வன்னி வீடா, கொழும்பு அறையா, வவுனியாவா?

பல்கலைக்கழக விடுதியைக் காலி செய்யும் வன்னிப் பிள்ளைக்கு முன்னால் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உள்ள பெற்றோர் வீட்டுக்கே திரும்பலாம். கொழும்பில் அறை எடுத்து வேலை தேடலாம். அல்லது வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ தங்கி, வார இறுதியில் வீட்டுக்குப் போய் வரலாம். இவற்றை எடைபோடும்போது வீடுகளில் முதலில் எழும் பேச்சு வாடகையைப் பற்றியதாகவே இருக்கிறது. வீட்டில் இருந்துகொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்யப் போகிறது, எதற்காகக் காத்திருக்கப் போகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பணக் கணக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறையை மூன்று பேர் பகிர்ந்துகொண்டாலும், முற்பணம், வாடகை, கடைச் சாப்பாடு, பேருந்துச் செலவு என்று தொடக்கச் சம்பளத்தின் பெரும்பங்கு கரைந்துவிடும். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்கவும் இல்லை. வீட்டிலோ வயல் நெல்லும் கிணற்றுத் தண்ணீரும் இருக்கின்றன. ஆயினும் வீடு இலவசம் என்று சொல்லிவிட முடியாது. படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொலக் கொடுப்பனவு நின்றுவிடும். நுண்கடன் எடுத்தோ நகையை அடகு வைத்தோ படிப்பித்த குடும்பத்தில், கடன் இனி அடையும் என்று எதிர்பார்த்திருந்த நேரத்தில் சாப்பாட்டுக்கு ஒருவர் கூடிவிடுகிறார்.

இடவசதியையும் கணக்கில் எடுக்க வேண்டும். போருக்குப் பின் வன்னியில் எழுந்த வீடுகளில் கணிசமானவை, ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபாய் வீதம் வழங்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டப்பட்ட சிறிய வீடுகள். மீள்குடியேறியபோது பத்து வயதாக இருந்த பிள்ளைக்குப் போதுமாக இருந்த வீடு, இருபத்தாறு வயதுப் பட்டதாரிக்குப் போதுமா? அறைகள் பாட்டிக்கும் தங்கைக்கும் போய்விட, அவருக்கு விறாந்தைதான் மிஞ்சுகிறது. இணையவழி வேலை செய்யலாமே என்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஏ-9 வீதியோரம் இருப்பவருக்குக் கிடைக்கும் இணைய வசதியைத் துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ உள்ளே இருக்கும் கிராமத்தவர் நம்பியிருக்க முடியாது.

இனிக் காத்திருப்பைப் பற்றிச் சொல்கிறேன். வன்னியில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். கொழும்பில் மாத முடிவில் வாடகை கட்ட வேண்டியிருப்பதால் கிடைத்த வேலையை ஏற்றே ஆக வேண்டும். வீட்டில் அந்த நெருக்குதல் இல்லை. ஆகவே அரசாங்க நியமனம் வரும்வரை இருக்கலாம் என்ற நினைப்பு வேரூன்றுகிறது. அந்த நினைப்பை முழுக்கப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். 2017 இல் வடக்குக் கிழக்கின் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியில் அமர்ந்து போராடினார்கள். 2020 இல் பட்டதாரிப் பயிலுநர்கள் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் உள்வாங்கப்பட்டு, பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களானார்கள். காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது என்பதை ஊர் கண்ணால் கண்டிருக்கிறது. ஆனால் அந்த நியமனங்கள் தேர்தலையும் திறைசேரியையும் பொறுத்தே வருகின்றன. 2022 க்குப் பின் அரசு ஆட்சேர்ப்பு எந்த அளவுக்கு இறுக்கப்பட்டது என்பதை எல்லோரும் அறிவர். இடைப்பட்ட காலத்தில் தொண்டர் ஆசிரியராகச் சேர்ந்து, நிரந்தரமாக்குவார்கள் என்ற நம்பிக்கையில் ஆண்டுகளைக் கழித்தவர்கள் நம் பாடசாலைகளில் ஏராளம். மூன்று வழிகளிலும் மோசமானது, நியமனத்துக்காக மட்டும் வீட்டில் இருப்பதுதான்.

படித்த துறையைப் பொறுத்து விடை மாறும். பொறியியல், கணினித் துறைகளில் முடித்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளைக் கொழும்பில் கழிப்பதையே நான் பரிந்துரைப்பேன்; கூட வேலை செய்பவர்களைப் பார்த்துப் பழகும் தொழிலை விறாந்தையில் இருந்து பழக முடியாது. கலைப் பட்டதாரிக்குக் கொழும்பில் கிடைப்பது பெரும்பாலும் படிப்போடு தொடர்பில்லாத விற்பனை வேலைதான் என்பதால், ஊரில் ரியூசன் கொடுத்தபடி போட்டிப் பரீட்சைக்குத் தயாராவது அவருக்கு நட்டமாகாது. விவசாயப் பட்டதாரியின் நிலைதான் விசித்திரமானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமே கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோக, சிறுபோக நெற்செய்கை கண்முன்னே நடக்கிறது. ஆக, வீடுதான் அவருடைய வேலைத்தளம். ஆனால் படித்த பிள்ளை வயலில் இறங்குவதை முதலில் தடுப்பவர் அப்பாவாகவே இருக்கிறார்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு வேறு. கொழும்பில் தனியே அறை எடுக்கப் பெற்றோர் எளிதில் சம்மதிப்பதில்லை. வீட்டுக்குத் திரும்பினாலோ, சான்றிதழ் கைக்கு வரும் முன்பே தரகர் வந்துவிடுகிறார். வவுனியாவோ யாழ்ப்பாணமோ அவர்களுக்கு ஒரு நடுவழியாக அமைகிறது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. வங்கிகள், நிதி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் நகரில் இருக்கின்றன. கொழும்பில் நேர்முகத் தேர்வு என்றால் ரயிலேறிப் போய்வரலாம். முல்லைத்தீவு மாவட்டத்தின் பெரும்பகுதியில் ரயில் பாதையே இல்லை. புதுக்குடியிருப்பில் இருப்பவர் முதலில் பரந்தனுக்கோ மாங்குளத்துக்கோ வந்து சேர வேண்டும். காலை நேர்முகத் தேர்வுக்கு முதல்நாளே புறப்பட வேண்டியவருக்கும் அன்று விடியப் புறப்படுபவருக்கும் உள்ள வேறுபாடு, ஓராண்டில் எத்தனை விண்ணப்பங்களைப் பின்தொடர முடியும் என்பதில் தெரிந்துவிடும். ஆகையால் தொழில் இன்னும் தெளிவாகாத பெரும்பாலானோருக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், நான் மூன்றாவது வழியையே சொல்வேன். வேலை ஏற்கெனவே கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கிடைத்து, மோட்டார் சைக்கிளில் நாளாந்தம் போய்வரும் தூரத்தில் இருந்தால் மட்டும் பெற்றோர் வீடு முந்துகிறது.

பலரும் பேசாமல் விடும் ஒரு விடயம் காணி. வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் பல வீடுகள் நிற்பது, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசால் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியில். அதை உறுதிக் காணி போல நினைத்தபடி துண்டாடிப் பங்கிட முடியாது என்பதால், பெற்றோருக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளராகப் பெரும்பாலும் ஒரு பிள்ளையின் பெயரே எழுதப்படுகிறது. பெயர் எதுவும் எழுதாமல் பெற்றோர் இறந்தால் ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை என்றிருந்த விதி 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது; வீடுகளில் அந்த வழக்கம் இன்னும் நீங்கவில்லை. கொழும்பில் வேலை செய்யும் அண்ணனின் பெயர் பத்திரத்தில் இருக்க, வீடு திரும்பி அம்மாவின் மருந்தையும் வயலின் நீர்முறையையும் பார்த்துக்கொள்பவள் தங்கையாக இருந்தால், அவள் மிச்சம்பிடித்ததாகச் சொல்லப்படும் வாடகைக்கு ஈடாக அவள் கையில் எதுவும் இல்லை. வீட்டுக்கு வருவதா இல்லையா என்று குடும்பமாகக் கூடிப் பேசும் அன்றே அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துப் பார்த்து, பெயர் மாற்றுவதாயின் பெற்றோர் நடமாடும் காலத்திலேயே பிரதேச செயலகத்துக்குப் போய் மாற்றிவிட வேண்டும்.